ஒரு கண்மாய், ஓர் ஆண்டு: செட்டிநாட்டில் பறவை பார்க்கவும் படமெடுக்கவும் முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டுக்குக் கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் வீடுகளைத் தேடித்தான் வருகிறார்கள். கானாடுகாத்தான் முகப்புகள், ஆத்தங்குடித் தளம், பர்மாத் தேக்குத் தூண்கள். அந்தத் தெருவின் கோடியிலேயே ஓர் ஊருணி இருக்கும். ஊரைத் தாண்டி ஐந்து நிமிடம் நடந்தால் கண்மாய்க் கரை. அங்கே நின்று பார்க்கிறவர்கள் குறைவு.

நான் பதினொரு வருடமாக ஒரே கண்மாய்க்குப் போய்வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: ஊர் ஊராகச் சுற்றாதீர்கள், ஒரு கண்மாயைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஓர் ஆண்டு முழுக்க அதற்கே போங்கள். நம் வறண்ட சீமையில் பறவைகளுக்குக் காலண்டர் கண்மாய்த் தண்ணீர்தான். அது ஏறும்போது யார் வருகிறார்கள், வற்றும்போது யார் கூடுகிறார்கள் என்பது திரும்பத் திரும்பப் போனால்தான் பிடிபடும்.

1. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டிலிருந்து சைக்கிளிலோ வண்டியிலோ இருபது நிமிடத்துக்குள் போகக்கூடிய கண்மாயாக இருக்கட்டும். தூரமாக இருந்தால் மூன்றாவது வாரமே போகத் தோன்றாது. உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் பகுதியில், நாட்டுக்கருவேல மரங்கள் நின்றால் நல்லது. நாரையும் கொக்கும் அடைவதும் கூடு கட்டுவதும் அவற்றில்தான். கரையில் பனை வரிசை, ஓரத்தில் ஓர் ஆலமரம், பக்கத்தில் அய்யனார் கோயில் காடு என்று அமைந்துவிட்டால் வேறு இடமே தேட வேண்டாம்.

கரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். நம் பகுதியில் நிலம் பொதுவாகக் கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் கண்மாய்க் கரை பெரும்பாலும் கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருக்கும், தண்ணீர் அதற்கு மேற்கே நிற்கும். காலையில் கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். பறவையின் மேல் நேர் வெளிச்சம் விழும், கண்ணில் ஒளிப்பொட்டு தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கருநிழல். நம் முன்னோர்கள் தண்ணீருக்காகப் போட்ட கரை நமக்குக் காலைப் படத்துக்கான மேடையாகவும் ஆகிவிட்டது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுப் பருவம் பிடித்தது.

கண்மாயோடு, உங்கள் தெரு ஊருணியையும் முற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட பழைய வளவு வீடு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வருடத்துக்கு ஒருமுறையாவது வேட்டங்குடிக்குப் போய்வாருங்கள். மேலூர்–திருப்பத்தூர் சாலையில், பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்ன கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிபட்டி ஆகிய மூன்று கண்மாய்களும் சேர்ந்ததுதான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பரப்பு 38.4 ஹெக்டேர், அறிவிக்கப்பட்டது 1977-ல். சட்டத்தை விடப் பெரிய காவல் அங்கே ஊர்க்காரர்கள்தான். கூடு கட்ட வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதால் தீபாவளிக்குப் பல பத்தாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்க் குழந்தைகள் மத்தாப்பு கேட்டு அழாமலா இருந்திருப்பார்கள்? அதை நினைத்தால் எனக்கு இன்றும் கைகூப்பத் தோன்றும்.

2. கேமராவுக்கு முன்னால் பைனாகுலர்

கையில் இருக்கும் பணத்தில் முதலில் 8×42 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு இன்னும் நெருக்கமாகக் காட்டும், ஆனால் கை நடுக்கத்தையும் சேர்த்துக் காட்டும். பழகாத கைக்கு 8 போதும்.

கேமரா இல்லாதவர்கள் பைனாகுலரின் கண் வைக்கும் பக்கத்தில் கைபேசியின் லென்ஸை ஒட்டிப் பிடித்து எடுக்கலாம். அழகாக வராது, எந்தப் பறவை என்று வீட்டில் உட்கார்ந்து உறுதிசெய்யப் போதுமானதாக வரும். கேமரா வாங்குவதென்றால் நீளமான ஜூம் உள்ள ஒற்றை லென்ஸ் கேமராவில் தொடங்கலாம். லென்ஸ் மாற்றும் கேமராவாக இருந்தால் 70–300 மில்லிமீட்டரில் பழகிவிட்டு 150–600-க்குப் போங்கள்.

மற்றவை: ஒரு சின்ன நோட்டு, பென்சில் (மழையில் பேனா கரையும்), தண்ணீர், தொப்பி, மங்கிய பச்சை அல்லது காக்கிச் சட்டை. வெள்ளைச் சட்டை வேண்டவே வேண்டாம். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும், கரைப் புதரில் பாம்பும் இருக்கும். நம் செம்மண் புழுதி லென்ஸுக்குப் பகை. வெளியில் லென்ஸை மாற்றாதீர்கள், துடைக்கும்முன் ஊதிவிடுங்கள்.

3. முதல் மாதம் படமே எடுக்காதீர்கள்

கடுமையாகத் தோன்றும், ஆனால் பலன் உண்டு. கேமரா கையில் இருந்தால் கண் பறவையைப் பார்க்காது, திரையைத்தான் பார்க்கும். முதல் நான்கு வாரம் பைனாகுலரும் நோட்டும் மட்டும். இருபது பறவையை அடையாளம் சொல்லப் பழகினால் போதும்.

பெயரைத் தேடும்முன் ஐந்து விஷயம் எழுதுங்கள். அளவு: சிட்டுக்குருவியா, மைனாவா, காக்கையா, கொக்கா, எதற்குச் சமம்? அலகு: குட்டையா, வளைந்ததா, கரண்டி மாதிரியா? கால் நிறம். என்ன செய்துகொண்டிருந்தது. என்ன சத்தம். நிறம் கடைசிதான், ஏனென்றால் வெயில் ஏமாற்றும்.

உள்வாயில் வெள்ளையாக நிற்பதெல்லாம் ஒரே கொக்கு என்று தோன்றும். மஞ்சள் அலகோடு மாட்டின் காலடியில் நடப்பது உண்ணிக்கொக்கு. கருத்த அலகு, கருத்த கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்ன வெள்ளைக் கொக்கு. மண் நிறத்தில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்து பறக்கும்போது திடீரென்று வெள்ளைச் சிறகு காட்டினால் மடையான். தண்ணீருக்கு மேலே கழுத்து மட்டும் பாம்பு மாதிரி நீண்டால் பாம்புத் தாரா. அதன் இறகு நீரில் ஊறிவிடும், அதனால்தான் கரையேறிச் சிறகை விரித்துக் காயப்போடுகிறது. நீர்க்காகமும் அப்படித்தான். எதிர்ப்படும் ஆடு மேய்க்கும் அண்ணனிடம் பேச்சுக் கொடுங்கள். “அந்தா, ஆள்காட்டி கத்துது பாருங்க, யாரோ வர்றாக” என்று அவர் சொல்வதில் உள்ள பாடம் செயலியில் கிடைக்காது.

4. உட்காரும் முறை

விடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே கரையில் இருக்க வேண்டும். நடந்துகொண்டே தேடாதீர்கள். ஒரு மரத்தடியிலோ மடைச் சுவருக்குப் பின்னாலோ உட்கார்ந்து அரை மணி நேரம் அசையாதீர்கள். நீங்கள் வந்ததும் விலகிப்போன பறவைகள் மெதுவாகத் திரும்பும். முதலில் மடையான், பிறகு முக்குளிப்பான், பிறகுதான் நாரை.

படத்துக்குப் பறவையின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். கரைமேல் நின்று கீழ்நோக்கி எடுத்தால் பறவை தண்ணீரில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி இருக்கும். சரிவில் படுத்து, பையின் மேல் லென்ஸை வைத்து எடுங்கள். பின்னணி கரைந்து பறவை தனியே எழும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறித் தண்ணீருக்கு மேலே கானல் ஆடும். எவ்வளவு விலை லென்ஸும் அப்போது கூர்மையாக எடுக்காது. மூட்டை கட்டிக்கொண்டு இட்லி சாப்பிடப் போய்விடலாம்.

5. கேமரா அமைப்புகள்

மரத்தில் அமர்ந்த பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, பறக்கும் நாரைக்கு 1/1600, பஞ்சுருட்டான், தகைவிலான் போன்ற சுறுசுறுப்புக்கு 1/2500-க்கு மேல். அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) லென்ஸ் திறக்கும் அளவுக்குத் திறந்திருக்கட்டும், 5.6 அல்லது 6.3. ஐஎஸ்ஓவை (ஒளி உணரும் திறன்) தானியங்கியில் விட்டு உச்ச வரம்பு மட்டும் வையுங்கள். மங்கலான படத்தைவிடக் கொஞ்சம் புள்ளி விழுந்த படம் மேல். ஃபோகஸ் தொடர் முறையில் இருக்கட்டும், குறி பறவையின் கண்ணில்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் வெள்ளைக் கொக்கு. கருத்த தண்ணீருக்கு முன்னால் நிற்கும் வெள்ளைப் பறவையைக் கேமரா தானாக எடுத்தால் இறகெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் அமைப்பில் 0.7 முதல் 1 வரை குறையுங்கள். வானத்தில் பறப்பதற்கு நேர்மாறு: 1 கூட்டுங்கள், இல்லாவிட்டால் கரியாகிவிடும். ‘ரா’ (கேமரா சுருக்காத மூல) கோப்பாக எடுத்தால் பின்னால் திருத்த இடம் இருக்கும். மற்ற மெனுக்களை ஆறு மாதம் திறக்கவே தேவையில்லை.

6. பருவத்தோடு நடங்கள்

ஆண்டைப் புரட்டாசியிலிருந்து எண்ணுங்கள். பறவைகளுக்கு அங்கேதான் வருடப் பிறப்பு.

*புரட்டாசி, ஐப்பசி.* வடக்கேயிருந்து வலசை வருகிறவர்கள் இறங்கும் காலம். மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வயல் வரப்பில் மஞ்சள் வாலாட்டி ஓடும், கருவேலத்தின் உச்சியில் பழுப்புக் கீச்சான் இடம் பிடிக்கும். வீட்டுத் தோட்டத்திலும் கோயில் காட்டிலும் சருகைக் கிளறிக்கொண்டு ஆறுமணிக்குருவி இருக்கும். காலை ஆறு, மாலை ஆறு சுமாருக்குக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். இரவெல்லாம் பறந்து களைத்துச் சில சமயம் முற்றத்திலேயே விழுந்து கிடக்கும். தூக்கிக் கொஞ்சாதீர்கள். துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வைத்து, தெளிந்ததும் மாலை மங்கும் நேரத்தில் தோட்டத்தில் திறந்துவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இதே சமயம் வயல் கிணறுகளைப் பாருங்கள். கிணற்றுக்கு மேல் சாய்ந்த கருவேலக் கிளையிலோ பனை ஓலை நுனியிலோ தூக்கணாங்குருவி கூடு தொங்கும். ஆண் குருவிக்கு அப்போது தலை மஞ்சள். நெல் தாளிலிருந்தும் புல்லிலிருந்தும் நாரைக் கிழித்துக்கொண்டு வந்து முடிச்சுப் போடும். கூட்டை முழுதாக முடிக்காது. பாதியில், கவிழ்த்த மணி மாதிரி இருக்கும் நிலையில் நிறுத்தி, சிறகடித்துப் பெண்ணைக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே ஏறி, இழுத்துப் பார்த்து, பிடித்தால்தான் மீதியைக் கட்டும். பிடிக்காமல் போன பாதிக் கூடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், மனசு கனத்துப்போகும். படத்துக்கு முழுக்கூட்டைவிட அந்தப் பாதிக்கூடு நல்லது. உள்ளே நடப்பது கீழிருந்து தெரியும்.

*கார்த்திகை முதல் தை வரை.* கண்மாய் நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால் நம் சீமைக்கே முகம் மலரும். நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் உள்வாய் மரங்களில் கூடு வைக்கும். இலையே தெரியாத அளவு எச்சம் வெளுத்துக் கிடக்கும். அந்த எச்சம் கலந்த தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகிறது. நல்ல உரம் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

நத்தை குத்தி நாரையை மட்டும் ஒரு காலை முழுக்கப் பாருங்கள். அதன் இரண்டு அலகும் நடுவில் ஒட்டாது, இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் விழும். சேற்றில் அலகை விட்டுத் துழாவி நத்தையை எடுக்கும். ஓட்டை உடைக்காது. ஒரு அலகால் தரையோடு அழுத்திப் பிடித்து, இன்னொரு அலகின் நுனியை மூடிக்குள் செருகிச் சதையை உருவிக்கொள்ளும். கரையோரம் கிடக்கும் பெரிய நத்தை ஓட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கீறல் இல்லாமல் முழுசாக, உள்ளே காலியாக இருக்கும். இவ்வளவு நுணுக்கமான வேலையை அது சேற்றுத் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமலே செய்கிறது. அலகு மேலே வரும் அந்த நொடிக்குத்தான் நீங்கள் காத்திருக்க வேண்டும். தொடர் படம் போடுங்கள், ஐம்பதில் ஒன்று தேறும்.

மார்கழிப் பனி இன்னொரு கொடை. ஊருணியில் அல்லி விரிந்திருக்க, பனிப்படலத்துக்குள் முக்குளிப்பான் மூழ்கி எழும்போது படம் கறுப்பு வெள்ளையாகவே வந்து நிற்கும். பொங்கலையொட்டி நான்கு நாள் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த எல்லா இனத்தையும் எண்ணிக்கையோடு இபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். சிராவயல் பக்கம் உங்கள் கண்மாய் இருந்தால் மஞ்சுவிரட்டு நாளை மட்டும் தவிருங்கள், கூட்டத்தில் ஒரு பறவையும் நிற்காது.

*மாசி முதல் வைகாசி வரை.* தண்ணீர் சுருங்கச் சுருங்க மீன் ஒரே குட்டையில் நெருங்கும், பறவைகளும் நெருங்கும். ஊர்க்காரர்கள் ஊத்தாவும் (மீன்பிடிக் கூடை) வலையுமாய் மீன்பிடித் திருவிழாவுக்கு இறங்குவதற்கு முந்தைய வாரம் கட்டாயம் போங்கள். மஞ்சள் மூக்கு நாரையும் சாம்பல் நாரையும் தோளோடு தோள் நிற்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, நேர்குத்தாய்ப் பாயும். திருவிழா முடிந்த மறுநாளும் போய்ப் பாருங்கள், சேற்றில் எஞ்சியதை யார் யார் பொறுக்குகிறார்கள் என்று.

தண்ணீர் போனபின் கண்ணைப் பனைக்குத் திருப்புங்கள். தலை போன மொட்டைப் பனையின் பொந்தில் பனங்காடை கூடு வைக்கும். உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரியும் பறவை, சிறகை விரித்தால் நீலம் கண்ணைப் பறிக்கும். அது திரும்ப வந்து அமரும் கிளையில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். ஆலம்பழம் பழுத்த மரத்தடியில் ஒரு காலை உட்கார்ந்தால் குயில், பச்சைப்புறா, செம்மார்புக் குக்குறுவான் எல்லாம் வரும். வீட்டில் ஒரு மண் சட்டியில் இரண்டு விரல் ஆழத் தண்ணீரும், உட்கார ஒரு கல்லும் வையுங்கள். தினம் கழுவி மாற்ற வேண்டும்.

*ஆனி, ஆடி, ஆவணி.* காற்றும் புழுதியும்தான் என்று பலர் கேமராவை எடுத்து வைத்துவிடுவார்கள். குன்றக்குடிப் பக்கம் மயில் தோகை விரிப்பதும், சுடலைக்குயில் வந்து கூப்பிடுவதும் இந்த மாதங்களில்தான். ஆவணி வாக்கில் மயிலுக்குத் தோகை உதிரத் தொடங்கும். ஒரு மாலை இடிமழை பெய்து ஓய்ந்ததும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பினால் எல்லா வேலையையும் விட்டுவிட்டு ஓடுங்கள். கரிச்சான், மைனா, பனை உழவாரன், பருந்து, காக்கை என்று ஊர்ப் பறவைகள் எல்லாம் அந்த ஒரு புற்றுக்கு மேலே இருக்கும். எருக்கம் இலையைத் திருப்பிப் பார்த்தால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் வரி வரியான புழு மேய்ந்துகொண்டிருக்கும். கைபேசியே போதும் அதற்கு.

7. பூட்டிய வீட்டின் மேல்மாடி

வளவு வீட்டைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னதற்குக் காரணம் கூகை. ஆள் இல்லாத மேல்மாடி அறைகளில், இதயம் போன்ற வெள்ளை முகத்தோடு பகலெல்லாம் உறங்கும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் அனுமதி கேட்காமல் நுழையாதீர்கள். ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் என்னிடம் தயங்கிச் சொன்னார்: “அது கத்துனா ஆகாதுன்னு சொல்லுவாக தம்பி, வெரட்டிப்புடலாமா?”

நான் பதில் சொல்லவில்லை. ஆத்தங்குடித் தளத்தில் கிடந்த கறுப்பு உருண்டை ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நனைத்துக் குச்சியால் பிரித்துக் காட்டினேன். கூகை எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த ஒன்றுக்குள் எலி மண்டையோடு மூன்று இருந்தன, மஞ்சள் முன்பற்களோடு. ஆச்சி குனிந்து பார்த்தார். “நெல்லு மூட்டையக் கடிக்கிறதுக இதுகதானே,” என்றார். அந்த அறையின் சன்னல் இன்னும் திறந்தே இருக்கிறது.

கூகைக்கு ஃபிளாஷ் போடாதீர்கள். அந்தி வெளிச்சத்தில், கேமராவைச் சுவரில் அண்டக் கொடுத்து, 1/60-ல் எடுத்தாலும் அசையாமல் உட்காரும் பறவை தெளிவாக வரும்.

8. எதைச் செய்யக்கூடாது

மூன்றாவது ஆண்டில் ஒரு தை மாதக் காலை, குஞ்சின் முகம் வேண்டுமென்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கூட்டு மரத்தை நெருங்கினேன். நாரைகள் மொத்தமாக எழுந்தன. கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு காக்கைகள் ஒரு கூட்டில் இறங்கி முட்டையைத் தூக்கிப்போயின. தாய்ப்பறவை சுற்றி வந்து வெறுங்கூட்டில் உட்கார்ந்தது. அன்று எடுத்த படங்களை அழித்துவிட்டேன். அந்த எழும்பல் சத்தம் மட்டும் போகவில்லை.

கூட்டை நெருங்காதீர்கள். வெயிலில் தாய் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தருகிறது, நீங்கள் விரட்டும் பத்து நிமிடமே குஞ்சுக்கு ஆபத்து. பறவை உண்பதை நிறுத்தித் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் அதுதான் எல்லை, அங்கேயே நில்லுங்கள். பதிவுசெய்த குரலைப் போட்டு அழைக்காதீர்கள். கூட்டை மறைக்கும் கிளையை ஒடிக்காதீர்கள். பறக்கும் படத்துக்காகக் கல் எறிகிறவரைக் கண்டால் கையைப் பிடித்துத் தடுங்கள். கொக்கு, காடை வேட்டையைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972-ம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

9. வீடு திரும்பியதும்

அன்றைக்கே நோட்டை எழுதிவிடுங்கள். தேதி, நேரம், தண்ணீர் எந்த மடைக்கல் வரை நிற்கிறது, எத்தனை இனம், எத்தனை பறவை. நீர்மட்டத்தைத் தவறாமல் குறியுங்கள், இரண்டாம் ஆண்டில் அந்த ஒரு வரிதான் மிகவும் உதவும். முதல் கிளுவை (சிறு காட்டு வாத்து) வந்த நாள், கடைசி தகைவிலான் போன நாள், குயில் முதலில் கூவிய நாள் ஆகியவற்றுக்குத் தனிப் பக்கம் வையுங்கள்.

படங்களில் பத்துக்கு ஒன்பதை நீக்குங்கள். மங்கலாக இருந்தாலும் அடையாளம் சொல்ல உதவும் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். பகிரும்போது ஊர்ப் பெயர் போடலாம், கூடு இருக்கும் மரத்தையோ கிணற்றையோ காட்டிக்கொடுக்க வேண்டாம். கைபேசிப் படத்தில் ஒட்டிவரும் இடக்குறியையும் நீக்கிவிடுங்கள். ஒரு பிரதி எடுத்து, கரையில் உங்களுக்கு ஆள்காட்டியைக் காட்டிய ஆடு மேய்க்கும் அண்ணனிடம் கொடுங்கள். அடுத்த முறை நீங்கள் போகும்போது, நேற்று எந்தப் பறவை எந்த மரத்தில் வந்து இறங்கியது என்று சொல்ல அவர் மடையருகே நின்றுகொண்டிருப்பார்.